அங்கே அரியர் கிடையாது: ஜெர்மனியில் படிக்கும் பிள்ளையின் படிப்பை வீட்டுக்குப் புரியவைப்பது

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போன பிள்ளையிடம் வீட்டிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். "இன்டர்னல் எவ்வளவு வந்திருக்கு?" "அட்டென்டன்ஸ் சரியா இருக்கா?" "ரிசல்ட் எப்போ?" "எத்தனையாவது ரேங்க்?" நான்கு வருடம் பொறியியல் கல்லூரிக்குப் பணம் கட்டிப் படிக்கவைத்த பெற்றோருக்குப் படிப்பை அளக்கத் தெரிந்த அளவுகோல்கள் இவை. ஜெர்மனியின் பொதுப் பல்கலைக்கழகத்தில் இவை நான்குமே அநேகமாக இல்லை. இல்லாத ஒன்றைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? "எல்லாம் நல்லாப் போகுதும்மா" என்று பிள்ளைகள் முடித்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து ஏதோ ஒன்று தெரியவரும்போது "அப்பவே ஏன் சொல்லல?" என்று வீட்டில் மனம் உடைகிறது. வேண்டுமென்றே மறைத்தவர்கள் குறைவு. இந்த முறையை வீட்டுக்கு விளக்காமலே விமானம் ஏறியவர்கள்தான் அதிகம்.

விளக்க ஒரு சாயங்காலம் போதும். கிளம்பும் முன்பே செய்வது நல்லது. முடியாவிட்டால் முதல் செமஸ்டரின் முதல் மாதத்துக்குள் வீடியோ காலில் செய்துவிட வேண்டும். வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரிலிருந்து தொடங்குங்கள்.

குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடை செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. இது காகிதக் கணக்கு. வகுப்பு நடப்பது அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை. பிறகு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. தொழில்சார் பல்கலைக்கழகங்களில் எல்லாமே கொஞ்சம் முன்னதாகத் தொடங்கும். இடையில் இருக்கும் மாதங்களுக்கு ஜெர்மன் மொழியில் 'வகுப்பு இல்லாத காலம்' என்றுதான் பெயர். நம் வீட்டில் அது 'லீவு' ஆகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுத்துத் தேர்வுகள், லேப் ரிப்போர்ட், செமினார் கட்டுரை எல்லாம் குவிவது அந்த மாதங்களில்தான். பிப்ரவரியும் மார்ச்சும், ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரையும் தேர்வுக் காலம் என்று காலண்டரில் சிவப்பு மையில் கோடு போட்டுவிடுங்கள்.

கோடு போட்ட இடத்தைப் பார்த்தால் வீட்டுக்கே புரியும்: தைப் பிற்பாதி, மாசி முகூர்த்தங்களும் ஆவணி முகூர்த்தங்களும் அதற்குள் விழுகின்றன. "இப்போ கிளாஸ்தான் இல்லையே, அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம் வந்துட்டுப் போ" என்பது எந்த வீட்டிலும் எழும் நியாயமான ஆசைதான். ஆனால் அந்த வாரம் தேர்வு இருந்து அதை விட்டுவிட்டால், சில பாடங்களில் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்துத்தான். சிலவற்றில் ஒரு வருடம் கழித்து. பாடவாரியான தேதி பல இடங்களில் செமஸ்டர் பாதி ஓடிய பிறகே வெளியாகும். ஆகவே நாள் குறிக்கும்போது "உனக்கு எப்போ லீவு?" என்று கேட்பதில் பயனில்லை. "எந்தெந்த வாரம் தேர்வு விழலாம்?" என்று கேட்க வேண்டும். தீபாவளி செமஸ்டரின் தொடக்கத்தை ஒட்டி வரும். பொங்கல், தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பு வாரங்களில் வரும். கிறிஸ்துமஸை ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் உண்மையாகவே ஓய்வு கிடைக்கும். விமான டிக்கெட் விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

அடுத்து, அன்றாட வகுப்பு. பேராசிரியர் நடத்தும் விரிவுரைக்கு வருகைப் பதிவு பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். லேப், செமினார் இரண்டிலும் வருகை கட்டாயமாக இருக்கும். விரிவுரையோடு ஒட்டிக் கணக்குப் பயிற்சி வகுப்பு ஒன்று தனியாக நடக்கும். தேர்வுக் கேள்வியின் சாயல் தெரிவது அங்கேதான். அட்டவணையில் 10 மணி என்று போட்டு அருகே 'சி.டி.' என்றிருந்தால் வகுப்பு 10:15-க்குத் தொடங்கும் என்று பொருள். வாரத்தில் ஒரு நாள் முழுக்க வகுப்பே இல்லாமலும் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்குப் பிள்ளை அறையில் இருப்பதை வீடியோ காலில் பார்த்து "காலேஜ் போகலையா?" என்று பதறும் அம்மாவுக்கு கிரெடிட் கணக்கைச் சொன்னால் போதும்.

ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. செமஸ்டருக்கு 30 கிரெடிட், இரண்டு வருடப் படிப்புக்கு 120. ஆறு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 முதல் 180 மணி நேரம். விரிவுரையும் பயிற்சியும் சேர்ந்து வாரம் 4 மணி நேரம் என்றால், 15 வாரத்துக்கு 60 மணிதான் ஆகிறது. மீதி 90 முதல் 120 மணி நேரம் நூலகத்திலோ அறையிலோ தனியாக உட்கார்ந்து படிப்பது. வகுப்புக்கு வெளியே நடப்பதுதான் படிப்பின் பெரும்பகுதி. வழக்கமாக டெஸ்ட், அசைன்மென்ட் என்று வாரந்தோறும் விரட்ட ஆள் கிடையாது. பல பாடங்களுக்கு இறுதியில் 90 அல்லது 120 நிமிடத் தேர்வு ஒன்று, அல்லது அரை மணி நேரத்துக்குள் முடியும் வாய்மொழித் தேர்வு. முழு மதிப்பெண்ணும் அதில்தான். இன்டர்னலில் 40 இருக்கிறது, கொஞ்சம் எழுதினால் பாஸ் என்ற பாதுகாப்பு இல்லை. இங்கே நன்றாகப் படித்த பிள்ளைகளும் முதல் செமஸ்டரில் தடுமாறுவதற்குக் காரணம் இந்த அமைதிதான். ஜனவரி வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பிப்ரவரியில் ஐந்து பாடம் ஒன்றாக வந்து நிற்கும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். அங்கே 1.0 தான் உச்சம். 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். 1.0, 1.3, 1.7, 2.0 என்று படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும், தரம் குறைந்துகொண்டே வரும். "2.3 வாங்கியிருக்கேன்ப்பா" என்று மகள் மகிழ்ச்சியாகச் சொல்ல, பத்துக்கு 2.3 என்று அப்பா அதிர்ந்துபோகும் வீடுகள் இருக்கின்றன. நம் சிஜிபிஏ-வை அவர்கள் மாற்றிக்கொள்ளும் சூத்திரத்தைக் காட்டினால் விளங்கும்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழி, அதை, உச்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள இடைவெளியால் வகு, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. பாஸ் 5 என்று வைத்து 8.0-ஐப் போட்டால் 2.2 வரும். இது சேர்க்கைக்கான கணக்கு மட்டுமே. அங்கே வாங்கும் 2.7-ஐத் திருப்பிப் போட்டு "எட்டு வாங்குன பிள்ளை ஏழுக்கு இறங்கிடுச்சே" என்று வருந்தத் தேவையில்லை. வேறு தேர்வு முறை, வேறு திருத்தும் முறை. முதல் செமஸ்டரில் இறங்குவது சகஜம்.

இனி, வீட்டுக்கு எப்பாடுபட்டாவது புரியவைத்தே தீர வேண்டிய விஷயம்.

நம் ஊரில் அரியர் என்றால் ஒரு தலைவலி, அவ்வளவுதான். அடுத்த செமஸ்டரில் எழுதலாம், அதற்கடுத்ததிலும் எழுதலாம், கடைசி வருடத்தில் மொத்தமாக 'கிளியர்' பண்ணலாம். ஜெர்மனியில் ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று வாய்ப்புதான்; சில படிப்புகளில் இரண்டே இரண்டு. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பும் போய்விட்டால் 'இறுதியாகத் தேர்ச்சி பெறவில்லை' என்று பதிவாகும். படிப்பிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் பொதுவாக அதே படிப்பில் சேர முடியாது. படிப்பின் பேரில் கொடுத்த தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். மற்ற எல்லாப் பாடத்திலும் 1.3 வாங்கியிருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

அதனால் "எத்தனை அரியர் வச்சிருக்க?" என்ற கேள்வியை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். "இது உனக்கு எத்தனையாவது அட்டெம்ப்ட்?" என்பதே சரியான கேள்வி. முதல் முறை ஃபெயில் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கடினமான பாடங்களில் வகுப்பில் பெரும் பங்கினர் தவறுவது உண்டு. இரண்டாவதும் போனால் அந்த செமஸ்டரில் மற்ற சுமையைக் குறைக்க வேண்டும்: பகுதிநேர வேலையைக் குறைப்பது, பாடங்களைக் குறைப்பது. மூன்றாவது முறைக்குப் பதிவு செய்யும் முன் துறையின் படிப்பு ஆலோசகரிடம் கட்டாயம் பேச வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் எழுத்துத் தேர்வு தவறிய பிறகு ஒரு கூடுதல் வாய்மொழித் தேர்வு உண்டு. நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களுக்குத் தனி விண்ணப்பமும் உண்டு. இவையெல்லாம் அந்தப் படிப்பின் தேர்வு விதிமுறை ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும். சீனியர் சொன்னார், வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன் என்று இதில் நடக்கக் கூடாது. பக்கத்து அறைக்காரரின் படிப்பில் மூன்று வாய்ப்பு இருக்கலாம், உங்கள் படிப்பில் இரண்டாக இருக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதியும் உண்டு: ஒருமுறை பாஸ் ஆகிவிட்டால், மார்க் போதவில்லை என்று மறுபடி எழுதப் பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. 3.7 வாங்கிவிட்டால் அது கடைசிவரை 3.7 தான். ஆகவே தயாராக இல்லாத பாடத்திலிருந்து உரிய தேதிக்குள் விலகிக்கொண்டு அடுத்த முறை எழுதுவதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். "ஆறு பேப்பர்ல நாலுதான் எழுதினியா?" என்று வீட்டில் முகம் சுளித்தால், அடுத்த தடவை பிள்ளை ஆறையும் எழுதி இரண்டில் வாய்ப்பை வீணாக்கும்.

வகுப்பில் உட்கார்ந்தாலே தேர்வு எழுதலாம் என்பதும் இல்லை. இணையதளத்தில் ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சில வாரங்களே திறந்திருக்கும். தவறவிட்டால் கெஞ்சிப் பயனில்லை. பதிவு செய்துவிட்டு, விலகும் கெடு தாண்டிய பிறகு போகாமல் இருந்தால் பல இடங்களில் 5.0 விழும், ஒரு வாய்ப்பும் கழியும். உடம்பு சரியில்லை என்றால் அன்றே மருத்துவரைப் பார்த்து, சான்றிதழைத் தாமதமின்றித் தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். "ரெண்டு மாத்திரை போட்டுட்டுப் போய் எழுதிடு" என்று வீட்டில் அன்போடு சொல்வதைக் கேட்டு 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலில் எழுதினால், அந்தத் தேர்வு செல்லும். பிறகு காரணம் சொல்ல முடியாது.

ரிசல்ட்டுக்குப் பொதுவான நாள் கிடையாது. பாடத்துக்குப் பாடம் நான்கு வாரம், எட்டு வாரம் என்று தனித்தனியாக வரும். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் வழக்கம் இல்லை. அதற்கு ஈடாக, திருத்திய தாளைப் போய்ப் பார்க்க ஒரு நாளும் நேரமும் அறிவிப்பார்கள். கூட்டலில் பிழையோ, திருத்தாமல் விட்ட விடையோ இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறியவர்கள் இதற்குப் போகாமல் இருக்கவே கூடாது.

பணத்துக்கு வருவோம். விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் பிளாக்டு அக்கவுண்ட்டில் இருக்கும் 11,904 யூரோ மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அதுவும் போய் இறங்கிய அன்றே வராது. முகவரி பதிவு, அங்கே ஒரு வங்கிக் கணக்கு எல்லாம் முடிந்த பிறகே முதல் தவணை கைக்கு வரும். வாடகைக்கு எடுக்கும் அறைக்கு முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே முதல் ஆறு வாரத்துக்கான பணம் தனியாகக் கையில் இருக்க வேண்டும். மாதந்தோறும் மருத்துவக் காப்பீட்டுக்கே ஏறக்குறைய 150 யூரோ போய்விடும். "அங்கே படிப்பு இலவசம்தானே" என்று சொந்தக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. பெரும்பாலான மாநிலங்களில் பொதுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. கட்டணம் இல்லாத இடத்திலும் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு தொகை கட்டியே ஆக வேண்டும். அதை ஒவ்வொரு செமஸ்டரும் கெடுவுக்குள் கட்டினால்தான் பெயர் பதிவேட்டில் தொடரும்.

பகுதிநேர வேலையைப் பற்றி வீட்டில் பெரிய நம்பிக்கை இருக்கும். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் 120, 240 ஆக இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மாணவ உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. படிப்போடு தொடர்புள்ள நிறுவனத்தில் மாணவ ஊழியராகச் சேர்ந்தால், வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு. இந்த 20 மணியை முன்பு போட்ட கிரெடிட் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 30 கிரெடிட் என்பது செமஸ்டருக்கு 900 மணி வரை. 26 வாரத்தால் வகுத்தால் வாரம் 35 மணிக்குக் கிட்டத்தட்ட வரும். அதோடு 20-ஐக் கூட்டினால் 55. சமையல், துணி, கடை, ஜெர்மன் வகுப்பு எல்லாம் இதற்கு வெளியே. ஆகவே மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நினைத்து நிம்மதி அடைவதற்கு முன், அந்த செமஸ்டரில் எத்தனை கிரெடிட் முடித்தது என்று கேட்பது நல்லது. 30-க்குப் பதில் 15 என்றால், அந்தப் பணம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனதன் விலை.

கல்விக் கடன் வாங்கியவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கடன் ஒப்பந்தத்தில் படிப்புக் காலம் 24 மாதம் என்றிருக்கும். அதன்மேல் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தவணை தொடங்கும். ஆனால் ஜெர்மனியில் நான்கு செமஸ்டர் படிப்பை ஐந்து, ஆறு செமஸ்டரில் முடிப்பது மிகச் சாதாரணம். ஆறாவது செமஸ்டர் முடியும்போது 36 மாதம் ஆகிவிடும். அதாவது படிப்பு முடியும் முன்பே தவணை ஆரம்பித்துவிடலாம். நான்காவது செமஸ்டர் நடக்கும்போதே சேர்க்கைச் சான்றும் கிரெடிட் பட்டியலும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய் நீட்டிப்பு கேட்க வேண்டும். இரண்டையுமே பிள்ளை பல்கலைக்கழக இணையதளத்தில் ஆங்கிலத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். தவணை தவறிய பிறகு போய்ப் பேசினால் சிபில் மதிப்பெண் அடி வாங்கியிருக்கும். வீட்டில் முடிந்தால் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவருவது பெரிய உதவி.

ஏன் ஆறு செமஸ்டர் ஆகிறது என்று கேட்பார்கள். "அத்தை பையன் லண்டன்ல ஒரு வருஷத்துல முடிச்சுட்டானே" என்ற ஒப்பீடும் வரும். இங்கிலாந்து மாஸ்டர்ஸ் ஒரு வருடத்துக்கென்றே வகுத்தது. ஜெர்மனியில் தீசிஸ் மட்டுமே பெரும்பாலும் 30 கிரெடிட், ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் தேர்வு அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அதற்கு முன் தலைப்பும் வழிகாட்டும் பேராசிரியரும் கிடைக்க இரண்டு மூன்று மாதம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க நேரலாம். நிறுவனத்தில் தீசிஸ் செய்தாலும் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் ஏற்க வேண்டும். சமர்ப்பித்த பிறகு திருத்தச் சில வாரங்கள். சான்றிதழ் வர மேலும் சில வாரங்கள். பட்டமளிப்பு விழாவைப் பார்க்க விசா எடுத்துப் போகலாம் என்று வைத்திருக்கும் பெற்றோர், அந்தத் துறையில் விழா உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பல இடங்களில் சான்றிதழ் தபாலில் வருவதோடு சரி.

பல்கலைக்கழகத்துக்கு நேராக ஃபோன் போட்டோ மின்னஞ்சல் அனுப்பியோ மகனின் மார்க்கைக் கேட்கலாம் என்று எந்த அப்பாவும் முயல வேண்டாம். பதினெட்டு வயது தாண்டியவரின் விவரத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் தரமாட்டார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. வகுப்பாசிரியர், எச்.ஓ.டி., பெற்றோர் கூட்டம் எதுவும் கிடையாது. பிள்ளையின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதும் ஆபத்து. அந்தப் பக்கத்தில் ஒரு தவறான சொடுக்கு தேர்வுப் பதிவை ரத்து செய்துவிடும். ஏப்ரல் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கிரெடிட் பட்டியலின் பிடிஎஃப்-ஐ பிள்ளையே அனுப்புவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம். அதில் பார்க்க வேண்டியவை இரண்டு: இதுவரை மொத்தம் எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்திலாவது இரண்டாவது அட்டெம்ப்ட் ஓடுகிறதா.

பேசும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இந்தியா நான்கரை மணி நேரம் முன்னே. மற்ற மாதங்களில் மூன்றரை. நம் இரவு 9 மணி, குளிர்காலத்தில் அங்கே மாலை 4:30. டிசம்பரில் அந்நேரம் பெர்லினில் இருட்டிவிட்டிருக்கும். அந்த இருட்டும், தனி அறையும், நெருங்கும் தேர்வும் சேர்ந்து நவம்பர் முதல் பிப்ரவரி வரை பலரை அமுக்கும். குரல் தேய்ந்திருந்தால் மார்க்கைப் பற்றிக் கேட்காமல் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். மாணவர் நலச் சங்கத்தின் மனநல ஆலோசனை பல ஊர்களில் கட்டணமின்றிக் கிடைக்கும். அதற்குப் போவது பதிவேட்டில் ஏறாது என்பதை வீட்டாரே எடுத்துச் சொன்னால் பிள்ளைக்குப் போகத் துணிவு வரும். தேர்வு வாரங்களில் நீண்ட அழைப்பு வேண்டாம், தினம் ஒரு 'சாப்டேன்' செய்தி போதும் என்று இரு பக்கமும் ஒப்புக்கொள்ளலாம்.

காலண்டரின் பின்பக்கம் ஒரு தாளை ஒட்டி, படிப்பின் முழுப் பெயர், மாணவர் பதிவு எண், காப்பீட்டு எண், அறை முகவரி, அதே ஊரில் இருக்கும் நண்பர் ஒருவரின் எண், அவசர எண் 112 ஆகியவற்றை எழுதிவையுங்கள். இந்தியத் தூதரகம் பெர்லினில் உள்ளது. துணைத் தூதரகங்கள் ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக்கில். பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதியும் காலாவதியாகும் தேதிகளைப் பெரிதாக எழுதுங்கள். அனுமதியை நீட்டிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணத்தை மறுபடி காட்ட வேண்டியிருக்கும். அந்தத் தேதிக்கு நான்கு மாதம் முன்பே அப்பாவுக்குத் தெரிந்தால்தான் ஏற்பாடு செய்ய முடியும். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு அட்டைக்குக் காத்திருக்கும் நாட்களில் ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். அதில் சில வகைச் சான்றை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தால் திரும்ப முடியாது. கையில் இருப்பது எந்த வகை என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும்.